கன்வர்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

“டிவில வீடியோ சிக்கிச் சிக்கி ஓடுதா? எம்பி4-ஆ கன்வர்ட் பண்ணிடுங்க அங்கிள், சரியாயிடும்.” தெம்பனிஸில் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு பதில்தான். அங்கிளும் ராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட்டுக் கன்வர்ட் செய்கிறார். காலையில் பார்த்தால் அதே சிக்கல், போதாக்குறைக்குப் படமும் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

நம் வீட்டு அலமாரிகளில் 90களின் கல்யாணக் கேசட்டும், 2000களின் மினிடிவி (MiniDV) டேப்பும், அதற்கடுத்து வந்த கேம்கார்டர் கார்டும், இப்போதைய ஐபோன் வீடியோவும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் கோளாறும் வேறு. கோளாறு எதுவென்று பார்க்காமல் கன்வர்ட் செய்வது பெரும்பாலும் வீண்வேலை. சில சமயம் நஷ்டமும்கூட.

நம்பிக்கை: எம்பி4 என்றால் எந்த டிவி பாக்ஸிலும் ஓடும்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெறும் உறைகள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264-ஐ இன்று புழக்கத்தில் உள்ள பாக்ஸ்களில் ஏறக்குறைய எல்லாமே ஓட்டும். 2013இல் வந்த எச்.265-ஐப் பழைய, மலிவான பாக்ஸ்கள் பல ஓட்டாது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் எச்.265-இல்தான் பதிவு செய்கின்றன. நாமாக மாற்றினால்தான் உண்டு. அதனால் பெயரின் வால் ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஃபைல்களில் ஒன்று ஓடும். இன்னொன்றில் குரல் மட்டும் வரும், திரை கறுப்பாக இருக்கும். வாலைத் திருத்தி எழுதிவிட்டால் ஓடிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் ஃபைலைத் திறந்து ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ பாருங்கள். அரை நிமிட வேலை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: உள்ளே இருப்பது நல்ல எச்.264, உறை மட்டும் பாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி கேம்கார்டர்களின் எம்டிஎஸ் ஃபைல்கள் இந்த வகை. இவற்றுக்கு உறையை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக், லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள்கள் இரண்டுமே இதைச் செய்துவிடும். படத்தைத் தொடாமல் அப்படியே எடுத்து வைப்பதால் ஒரு மணி நேர வீடியோவும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், தரம் துளியும் குறையாது. படம் ஓடி ஒலி மட்டும் வரவில்லையா? ஒலியை மட்டும் ஏஏசி-க்கு மாற்றுங்கள்.

நம்பிக்கை: படம் வெட்டி வெட்டி ஓடினால் ஃபைலில்தான் கோளாறு.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். சிங்கப்பூர் அனலாக் காலத்தில் பால் முறையில் இருந்த ஊர்: 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். 2019 பிறந்ததோடு அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது, ஆனால் நம் கேசட்டுகள் 25-இலேயே இருக்கின்றன. கடையில் வாங்கும் பாக்ஸ்களில் பலவும் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. 60-ஐ 25 சரியாக வகுக்காது. அதனால் பாக்ஸ் சில படங்களை இரண்டு முறையும் சில படங்களை மூன்று முறையும் காட்டிச் சமாளிக்கிறது. மணப்பெண் மேடையைச் சுற்றி வரும்போது நடை துள்ளுவது இதனால்தான். பேரன் கைப்பேசியில் எடுத்தது நொடிக்கு 30 படம். அது 60-க்குப் பொருந்துகிறது, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உடனே ‘பழைய டேப் கெட்டுப்போச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்!

பாக்ஸின் டிஸ்பிளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸை 50 ஆக்கிவிட்டு அதே ஃபைலை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை வரும். ஆப்பிள் டிவியில் ‘மேட்ச் ஃபிரேம் ரேட்’ என்று ஒன்று இருக்கிறது, ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் பலவற்றிலும் இதைப் போன்ற வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தானாக மாறிக்கொள்ளும். இதில் கன்வர்ட் செய்ய எதுவும் இல்லை. மாறாக, 25-ஐ 30 ஆக்குகிறேன் என்று கன்வர்ட் செய்தால் அந்தத் துள்ளல் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். பிறகு எந்த பாக்ஸாலும் எடுக்க முடியாது.

நம்பிக்கை: அசையும்போது சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் டேப் தேய்ந்துவிட்டது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு போன காவடியை யாரோ 1998இல் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காவடி நிற்கும்போது படம் சுத்தமாக இருக்கும். ஆட ஆரம்பித்ததும் விளிம்பெல்லாம் கிடைக்கோடுகளாகக் கிழியும். இது தேய்மானம் இல்லை. அந்தக் காலக் கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவையும் இரட்டைப்படை வரிகளை இன்னொரு தடவையுமாக, நொடிக்கு 50 அரைப் படங்கள் எடுத்தது. இரண்டு பாதிக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது. அதற்குள் காவடி நகர்ந்துவிடுகிறது. அதை அப்படியே பிரித்துக் காட்டத் தெரியாத பாக்ஸுக்குத்தான் கன்வர்ஷன் உண்மையிலேயே தேவை. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் பகுதியில் ‘பாப்’ என்பதைத் தேர்ந்து, ஃபிரேம் ரேட்டை 50 ஆக்குங்கள். 25 என்று விட்டால் கோடு போகும், ஆட்டத்தின் வழவழப்பும் பாதி போய்விடும். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை இந்தப் பழைய அளவுப் படத்துக்கு 18 முதல் 22-க்குள் வைக்கலாம். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும்.

நம்பிக்கை: சின்ன ஃபைல் தங்குதடையின்றி ஓடும்.

ஓரளவு உண்மை. ஆனால் அதே காவடியின் மயிலிறகைப் பாருங்கள். ஆயிரம் மெல்லிய இழைகள், எல்லாம் ஒரே நேரத்தில் அசைகின்றன. சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கடினமான காட்சி கிடையாது. அளவைக் குறைக்கக் குறைக்க இழைகள் முதலில் குழைந்து, பிறகு பச்சைக் கட்டங்களாகிவிடும்.

அப்புறம், பழைய கேசட்டை 4கே ஆக்கினால் தெளிவு கூடும் என்பது. கூடாது, ஃபைல்தான் வீங்கும். திரைக்கேற்பப் பெரிதாக்கும் வேலையை டிவியே செய்துகொள்ளும்.

நம்பிக்கை: இன்டர்நெட் பிளானை உயர்த்தினால் வீட்டு வீடியோ சிக்காது.

கணினியிலிருந்தோ ஹார்ட்டிஸ்க்கிலிருந்தோ பாக்ஸுக்குப் போகும் வீடியோ வீட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறது. வெளி இணைப்பின் வேகத்துக்கு அங்கே வேலையில்லை. ஐபோனின் 4கே, நொடிக்கு 60 படப் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மெகாபைட், அதாவது நொடிக்குச் சுமார் 53 மெகாபிட். கேபிளில் இது சாதாரணம். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் பங்கு போடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் திணறும். 1990களின் இறுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ரவுட்டரை அதற்குள் வைத்துக் கனத்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால் பூட்டிவிட்டு, வைஃபை வரவில்லை என்று புலம்புகிற வீடுகள் நம் பேட்டையிலும் உண்டு. ரவுட்டரை வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் வீடியோவை தம்ப்டிரைவில் போட்டு பாக்ஸிலேயே செருகுங்கள். தம்ப்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது. டிரைவ் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். உங்கள் பாக்ஸ் எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்குமா என்று பார்த்து, படிக்கும் என்றால், உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு அந்த முறைக்கு ஃபார்மட் செய்யலாம்.

நம்பிக்கை: ஆண்ட்ராய்டு பாக்ஸ் வைத்திருப்பதே சட்டவிரோதம்.

இல்லை. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் குறிவைப்பது திருட்டு ஒளிவழிகளைக் காட்டவென்றே பாக்ஸ் விற்பவர்களை. தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. உங்கள் தங்கை கல்யாணத்தை உங்கள் பாக்ஸில் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம்பிக்கை: கன்வர்ட் ஆனதும் பழையதை அழித்துவிடலாம்.

உறையை மட்டும் மாற்றுவதைத் தவிர்த்து, ஒவ்வொரு கன்வர்ஷனிலும் கொஞ்சம் விவரம் போகிறது, போனது திரும்பாது. இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது மூலப் பதிவு கையில் இருப்பவர்கள்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். மினிடிவி டேப் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 கிகாபைட். இருபது டேப் என்றாலும் 260 கிகாபைட்தான். மலிவான ஹார்ட்டிஸ்க்கில் நிறைய இடம் மிச்சமிருக்கும். கேசட்டை இன்னும் கணினிக்கு மாற்றாதவர்கள் மட்டும் கொஞ்சம் விரைந்தால் நல்லது. கடைசிவரை விஎச்எஸ் பிளேயர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. நம் ஊர் ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. பூஞ்சை பிடித்த டேப்பைச் சுத்தம் செய்யாமல் பிளேயரில் போட்டால் அந்தப் பிளேயரின் ஹெட்டும் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் பரவும்.