தட்டிப் பார்த்துப் பூசு

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அஞ்சுதெங்கு என்ற மீனவர் ஊர் உள்ளது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால், கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் வரும். இந்தக் கரையில் அலை அதிகம். பல ஊர்களில் படகை மணலில் இருந்துதான் தள்ளி இறக்க வேண்டும். திரும்பி வந்ததும் மணலில்தான் இழுத்து ஏற்ற வேண்டும்.

முன்பு இங்கே கட்டுமரம் இருந்தது. பெரிய மரத்தைக் குடைந்து செய்த வள்ளமும் இருந்தது. பெரிய மரங்கள் குறைந்தன. வள்ளத்தின் விலை ஏறியது. 1980களில் ஒட்டுப்பலகைப் படகு வந்தது. ஒட்டுப்பலகையைத்தான் நாம் பிளைவுட் என்கிறோம். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்தப் படகைக் கரையெங்கும் பரப்பியது. படகின் மேல் ஃபைபர் பூசினார்கள். பின்னால் எஞ்சின் மாட்டினார்கள். படகு விரைவாகப் போனது. ஆனால் பலகைக்கு ஓர் எதிரி உண்டு. அது தண்ணீர்.

ஒரு குடும்பத்தின் கதை

இந்தக் கரையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். பிறர் படகில் கூலிக்குப் போய் வந்தார்கள். அண்ணி மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர்.

தென்னந்தோப்பில் ஒரு பழைய எஞ்சின் படகு கிடந்தது. இரண்டு மழைக்காலம் அது அங்கேயே நனைந்தது. உரிமையாளர் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். குடும்பத்தார் வட்டிக்குக் கடன் வாங்கிப் படகை எடுத்தார்கள்.

"அண்ணே, மேலே இரண்டு அடுக்கு ஃபைபர் போட்டால் போதும். புதுப் படகு மாதிரி ஆகிவிடும்" என்றார் தம்பி.

அண்ணனுக்கும் அது சரியென்று பட்டது. ஆனாலும் படகு வேலை தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார்.

மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. சுத்தியலின் மரப்பிடியால் படகைத் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கம் 'டண் டண்' என்று ஒலித்தது. பின்பக்கம் வந்ததும் ஒலி மாறியது. 'தொப் தொப்' என்று கேட்டது. மேஸ்திரி திருப்புளியை எடுத்து அங்கே குத்தினார். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

"தம்பி, எஞ்சின் தொங்குவது இந்தப் பின்பலகையில்தான். இது உள்ளே மக்கிவிட்டது. இதன்மேல் ஃபைபர் பூசினால் பளபளப்பாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடுக்கடலில் பலகை பிய்ந்தால் எஞ்சினும் போகும், ஆளும் போவான்" என்றார் மேஸ்திரி.

தம்பி தலை குனிந்தார். "அப்படியானால் வாங்கிய கடன் வீண்தானா, மேஸ்திரி?" என்று அண்ணி கேட்டார்.

"வீண் இல்லை அம்மா. முன்பாதி நன்றாக இருக்கிறது. வங்குக் கட்டைகளும் உறுதியாக உள்ளன. மக்கியதை வெட்டி எடுப்போம். காய வைப்போம். புது மரம் வைப்போம். பூசுவது கடைசி வேலை" என்றார் மேஸ்திரி.

படகின் விலா எலும்பு போல வளைந்து நிற்கும் கட்டைகளுக்கு வங்கு என்று பெயர்.

ஈரம் எப்படி உள்ளே போகிறது?

பலகையின் முகத்தில் தண்ணீர் எளிதில் இறங்காது. வெட்டிய ஓரத்தில் இறங்கும். ஆணி அடித்த துளையிலும், எஞ்சின் போல்ட்டின் துளையிலும் இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியே வர வழி இல்லை. அங்கே பூஞ்சை வளர்கிறது. பூஞ்சைதான் மரத்தைத் தின்று மக்கச் செய்கிறது.

ஈர மரத்தின்மேல் ஃபைபர் பூசினால் இரண்டு கெடுதல் உண்டு. ஒன்று, ஃபைபர் மரத்தைப் பிடிக்காது. சில மாதத்தில் தோல் போல உரியும். இரண்டு, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. மரம் இன்னும் வேகமாக மக்கும்.

ஆகவே மேஸ்திரி வேலையை ஜனவரியில் தொடங்கச் சொன்னார். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். முதலில் படகை நல்ல தண்ணீரால் கழுவினார்கள். உப்பு இருந்தால் அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பிறகு கூரை போட்டு, காற்று வரும்படி கட்டைமேல் தூக்கி வைத்தார்கள். வாரக்கணக்கில் காய விட்டார்கள்.

மர வேலை

மக்கிய பின்பலகையை முழுவதும் எடுத்தார்கள். தம்பி கடைக்குப் போய்ப் புதுப் பலகை கேட்டார். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. உடன் சென்ற அண்ணி பலகையின் மேல் இருந்த முத்திரையைப் படித்தார். ஒன்றில் 'ஐ.எஸ். 710' என்று இருந்தது. தண்ணீரில் புழங்கும் மரைன் பிளைவுட்டுக்கு உரிய தர எண் அதுதான். வீட்டு அலமாரிக்கு உரிய பலகை கடலுக்கு ஆகாது. அண்ணி முத்திரை உள்ளதையே எடுக்கச் சொன்னார்.

இரண்டு பலகைகளை எப்பாக்சிப் பசையால் ஒட்டி, கனமான ஒரே பின்பலகை ஆக்கினார்கள். பக்கப் பலகையில் ஓர் இடமும் கெட்டிருந்தது. அங்கே ஒட்டுப்போட வேண்டும். இரண்டு பலகையின் ஓரத்தையும் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மேஸ்திரி ஒட்டினார். சரிவின் நீளம் பலகையின் கனத்தைப் போல எட்டு மடங்கு. பலகை 12 மில்லிமீட்டர் கனம். சரிவு 96 மில்லிமீட்டர். நேராக வெட்டி ஒட்டினால் அலை மோதும்போது விட்டுவிடும். சரிவாக ஒட்டினால் ஒட்டும் பரப்பு அதிகம். பிடிப்பும் அதிகம்.

விளிம்புக் கட்டைக்கு அயினி மரம் வைத்தார்கள். கேரளத்தில் இதை ஆஞ்சிலி என்பார்கள். படகு வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்படும் மரம் இது.

ஃபைபர் பூசும் முறை

ஃபைபருக்கு வேண்டிய பொருள்கள் நான்கு. கண்ணாடி இழைப் பாய். இதைக் கடையில் மேட் என்பார்கள். அடுத்தது ரெசின். இது தேன் போன்ற திரவம். மூன்றாவது ஆக்சிலரேட்டர். நான்காவது காட்டலிஸ்ட். இதை ஹார்டனர் என்றும் சொல்வார்கள். கடைசி இரண்டும் சேர்ந்தால்தான் ரெசின் இறுகும்.

தம்பி இரண்டு சிறு குப்பிகளையும் ஒரே டப்பாவில் ஊற்றப் போனார்.

"கொழுந்தனாரே, நில்லுங்கள்!" என்றார் அண்ணி. குப்பியின் தாளை உரக்கப் படித்தார். "இந்த இரண்டையும் நேரடியாகக் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும் என்று எழுதியிருக்கிறது."

தம்பியின் கை நடுங்கியது. குப்பியைக் கீழே வைத்தார்.

முறை இதுதான். முதலில் ரெசினில் ஆக்சிலரேட்டரை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பிறகே காட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். சில ரெசினில் ஆக்சிலரேட்டர் முன்பே கலந்திருக்கும். அதையும் டப்பாவில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர்கள் வாங்கிய டப்பாவில், 1 கிலோ ரெசினுக்கு 10 மில்லிலிட்டர் காட்டலிஸ்ட் என்று எழுதியிருந்தது. அவர்கள் ஒரு தடவைக்கு அரை கிலோ மட்டும் கலந்தார்கள். சிரிஞ்சில் 5 மில்லிலிட்டர் அளந்து ஊற்றினார்கள். அளவு கூடினால் பூசும் முன்பே இறுகும். குறைந்தால் சரியாக இறுகாது.

இழைத்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்தார்கள். முதலில் ரெசினை மட்டும் பூசி மரத்தில் ஊற விட்டார்கள். பிறகு மேட்டை விரித்தார்கள். பிரஷால் ரெசினைக் குத்திக் குத்தி நனைத்தார்கள். உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றினார்கள். காற்றுக் குமிழி இருக்கும் இடம் வலுவில்லாத இடம். பலகையின் ஓரங்களையும் மறக்காமல் மூடினார்கள்.

எஞ்சின் போல்ட்டுக்கான துளையை மேஸ்திரி கடைசியில் போட்டார். முதலில் பெரிய துளை இட்டு, அதை எப்பாக்சியால் நிரப்பினார். அது இறுகிய பின் அதன் நடுவில் போல்ட் அளவுக்குச் சிறு துளை இட்டார். இப்போது துளையில் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

வீட்டில் வார்த்த மூடி

முன்பக்க அறைக்கு மூடி இல்லை. கடையில் வாங்கக் காசும் இல்லை. மேஸ்திரி சன்மைகா ஒட்டிய பலகையால் ஆழமில்லாத தட்டுப் போல ஓர் அச்சுச் செய்தார். அதில் மெழுகு தேய்த்துத் துடைத்தார். பிறகு ரெசினும் மேட்டும் மூன்று அடுக்கு வைத்தார். மறுநாள் ஓரத்தில் மரச் சீவலைச் செருகித் தட்டினார். மூடி கழன்று வந்தது. மெழுகு இல்லாவிட்டால் அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

படகு கவிழ்ந்தாலும் மிதக்க வேண்டும். அதற்காகத் தம்பி தெர்மாகோல் கொண்டுவந்தார். "இதன்மேல் இந்த ரெசின் பட்டால் கரைந்துவிடும்" என்றார் மேஸ்திரி. அதைக் கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இறுகிய அறைக்குள் வைத்து மூடினார்கள்.

கவனம்

காட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி அணியுங்கள். பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ரெசின் ஆவி தலைசுற்றல் தரும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். அருகில் பீடியும் அடுப்பும் கூடாது.

மீந்த ரெசின் டப்பாவில் இருந்தால் சூடேறிப் புகையும். அதை ஓலைக்கூரையின் அடியில் வைக்காதீர்கள்.

காய்ந்த ஃபைபரைத் தேய்க்கும்போது கண்ணாடித் தூள் பறக்கும். மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

தண்ணீரில் சோதனை

மே மாதம் வேலை முடிந்தது. உடனே கடலுக்குப் போகவில்லை. படகைக் காயலில் இறக்கினார்கள். மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். ஓர் இரவு விட்டுவைத்தார்கள். காலையில் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அண்ணி கைவைத்துப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. அடுத்து எஞ்சினை மாட்டி மெதுவாக ஓட்டினார்கள். பின்பலகை அசையவில்லை.

தம்பி சுத்தியலை எடுத்து, பின்பலகையை மரப்பிடியால் தட்டினார். 'டண்' என்றது.

"மாதம் ஒருமுறை இப்படித் தட்டிப் பார், தம்பி. கீறல் கண்டால் அன்றே அடைத்துவிடு. சிறு கீறலுக்கு ஒரு கரண்டி ரெசின் போதும். விட்டுவிட்டால் ஒரு பலகை வேண்டும்" என்றார் மேஸ்திரி.

விடை சொல்லுங்கள்

1. பின்பலகை மக்கியதை மேஸ்திரி எப்படிக் கண்டுபிடித்தார்?
2. ஈர மரத்தின்மேல் ஃபைபர் பூசினால் வரும் இரண்டு கெடுதல்கள் என்ன?
3. எந்த இரண்டு பொருள்களை நேரடியாகக் கலக்கக் கூடாது?
4. அண்ணி படித்ததால் வந்த நன்மைகள் எவை?

கணக்குப் போடுங்கள்

படகின் அடிப்பகுதி 8 சதுர மீட்டர். 1 சதுர மீட்டர் மேட்டின் எடை 450 கிராம். ஓர் அடுக்குக்கு 8 × 450 = 3,600 கிராம் மேட் வேண்டும். இரண்டு அடுக்குக்கு எத்தனை கிலோ? மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும் என்றால், ரெசின் எத்தனை கிலோ?

(விடை: மேட் 7.2 கிலோ. ரெசின் 18 கிலோ.)

எழுதிப் பழகுங்கள்

ஒட்டுப்பலகை, பின்பலகை, வங்கு, ரெசின், முத்திரை, அளவு, ஈரம்.

உங்கள் வீட்டில் உள்ள ஒரு டப்பாவையோ மருந்துப் புட்டியையோ எடுங்கள். அதில் உள்ள எச்சரிக்கையைப் படித்து, உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வரி எழுதுங்கள்.