குறியும் திறவுகோலும்
(கடனட்டை மோசடியும் அடையாளத் திருட்டும் பற்றிய ஒரு பாடம்)

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் மாடு வளர்த்த நம் முன்னோர், தத்தம் குடிக்குரிய குறியை மாட்டின் உடலிற் சுட்டு வைத்தனர். மேய்ச்சற்றரையிற் காண்போர் அது யாருடையதென்பதைக் குறிகொண்டே உணர்ந்தனர். குறி யாவருங் காண்பதற்கே இடப்பட்டது. ஆயினும் அதனைக் கண்டோரெல்லாம் பட்டியைத் திறந்து மாட்டை ஓட்டிச்செல்லும் உரிமை பெற்றாரல்லர். குறி வேறு, திறவுகோல் வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்தார்க்கு இக்காலத்துக் கடனட்டை மோசடியும் அடையாளத் திருட்டும் எளிதில் விளங்கும்.

கடனட்டையிலுள்ள நீண்ட இலக்கம் ஒரு குறியே. அதன் முற்பகுதி அட்டையை வழங்கிய நிறுவனத்தையும், அடுத்த பகுதி கணக்கையும் காட்டும். இறுதி இலக்கமோ, ஐ.பி.எம். நிறுவனத்து ஹான்ஸ் பீற்றர் லூன் என்பார் வகுத்து, 1960 இற் காப்புரிமை பெற்ற கணக்குமுறையால் வருவது. எழுதுங்கால் நேரும் தவற்றை அது காட்டுமேயன்றிக் கள்வனைத் தடுக்காது. பின்புறத்துக் காந்தப் பட்டையும் அத்தகையதே. அதிற் பதிந்த செய்தி மாறாதாகலின், சிறு கருவியொன்றில் ஒருமுறை இழுத்துப் படியெடுத்துப் போலி அட்டை செய்தல் கூடும். இக்குறையை நீக்கவே சில்லுப் பொருத்திய அட்டைகள் தோன்றின. சில்லானது ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் புதியதொரு மறைக்குறியீட்டை ஆக்குதலின், நேற்றையதைக் களவாடியவனுக்கு அஃது இன்று உதவாது.

இனி, திறவுகோல்கள் யாவை? பணப்பொறியில் இடும் இரகசிய இலக்கம், அட்டையின் மூன்றிலக்கப் பாதுகாப்பு எண், தொலைபேசிக்கு வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கம் என்பனவாம்.

அடையாள அட்டையையும் இவ்வாறே நோக்குக. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்வழி வந்த நமது அட்டையின் பழைய எண்ணில் முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெப்ருவரி எப்போதும் 29 நாளாகவே கொள்ளப்படும். 55075 எனத் தொடங்கின், 1955 மார்ச் 15 இற் பிறந்த ஆண்மகன். பெண்ணாயின் 500 கூட்டி 55575 என வரும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் பிறந்த ஆண்டும் நாளும் வெளிப்படையாகவே உள. எனவே, பிறந்த ஆண்டையோ நாளையோ இரகசிய இலக்கமாகக் கொண்டவர், திறவுகோலைக் கதவிலேயே தொங்கவிட்டவராவர். அட்டைப் படியொன்று தீயோர் கைப்படின், அவர் பெயரிற் பிறர் தொலைபேசி இணைப்போ கடனோ பெற முயலுதலுங் கூடும். ஆதலாற் படி கொடுக்குங்கால், எதன் பொருட்டு என்பதையும் திகதியையும் அதன் குறுக்கே எழுதிக் கொடுத்தல் நன்று.

படுவான்கரையில், நம் மண்டூரிலும் அயலூர்களிலும், மகனோ கணவனோ வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தை நம்பி வாழும் இல்லங்கள் உள. பொறியை இயக்கத் தெரியாத முதியோர், அட்டையையும் இரகசிய இலக்கம் எழுதிய துண்டையும் ஒன்றாகப் பிறர் கையிற் கொடுத்துக் களுவாஞ்சிக்குடிக்கு அனுப்புவாராயின், குறியும் திறவுகோலும் ஒருங்கே கைமாறின. இக்காலக் கள்வன் பூட்டை உடைப்பதில்லை; திறவுகோலைக் கேட்டு வாங்குகிறான். “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டை தடைப்படப்போகிறது, இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்பான். அச்சமும் அவசரமுமே அவன் கருவிகள். வங்கி ஒருபோதும் அவ்விலக்கத்தைக் கேளாது.

போலி அட்டை செய்தலையும் வைத்திருத்தலையும் தண்டிக்க, 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் உண்டு. ஆயினும் போன பணம் சட்டத்தால் உடனே மீளாது. ஐயம் நேர்ந்தவுடன் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துதலும், பின்னர்ப் பொலிசில் முறையிடுதலும் வேண்டும். ஏமாந்தோர் நாணி மறைத்தல் கள்வனுக்கே துணையாகும்.

வள்ளுவர் பொருட்பாலிலே ‘தெரிந்துதெளிதல்’ என ஓரதிகாரம் வகுத்தார். ஆராய்ந்த பின்னரே நம்புதல் அதன் கருத்து. மாணவர்காள்! இன்று மாலை இல்லஞ் சென்று, பாட்டியின் அட்டை உறையைத் திறந்து பாருங்கள். இரகசிய இலக்கம் எழுதிய துண்டு அதனுள் இருப்பின், அவருக்கு விளங்கச் சொல்லி அதனைக் கிழித்தெறியுங்கள். கல்லூரியிற் பெற்ற கல்வி வீட்டாருக்குக் காவலாதல் அதற்குப் பெருமையேயாம்.