எல்லா வலியும் வாயுவா?

வைகாசி வந்தால் போதும், பண்ருட்டி பலாப்பழம் மஞ்சக்குப்பத்துத் தெருக்களில் மணக்க ஆரம்பித்துவிடும். கூடவே என் வைத்தியசாலையிலும் கூட்டம். "டாக்டர், வயிறு கல்லு மாதிரி இருக்கு, ஒரே கேஸ்!"

தின்ற சுளை உடனே வாயுவாகிவிடுவதில்லை. வாயில் உமிழ்நீர் பட்டதுமே மாவுச்சத்து செரிக்கத் தொடங்குகிறது. இரைப்பையில் 2 முதல் 4 மணி நேரம் கடையப்படுகிறது. அடுத்தது சுமார் 20 அடி நீளமுள்ள சிறுகுடல். பித்தநீரும் கணையநீரும் வந்து சேர்வது இங்கேதான்; சத்து இரத்தத்தில் கலப்பதும் பெரும்பாலும் இங்கேதான். மிஞ்சிய நாரும் செரிக்காத சர்க்கரையும் 5 அடிப் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள், இட்லி மாவு புளிக்கிற மாதிரி அதைப் புளிக்க வைக்கின்றன. அப்போது பிறப்பதுதான் காற்று. காலையில் தின்ற சுளைக்கு மாலையில் உப்புசம் வருவது இதனால்தான். ஏப்பம் வேறு, அது பெரும்பாலும் அவசரமாகச் சாப்பிடும்போதும் சோடா குடிக்கும்போதும் உள்ளே போன காற்று.

உப்புசத்துக்கு ஓமத் தண்ணீரோ சுக்குக் கஷாயமோ போதும். நாலைந்து சுளையோடு நிறுத்தினால் அதுவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. இந்தக் காற்று குடலை விட்டுக் கிளம்பி நெஞ்சுக்கோ தோளுக்கோ போக வழியே கிடையாது. 'சித்த வைத்தியத்தில் பத்து வாயு சொல்கிறார்களே?' என்பீர்கள். சொல்கிறோம். அது உடம்பின் இயக்கத்துக்கு வைத்த பெயர். மலத்தைக் கீழே தள்ளும் இயக்கம் அபானன், அப்படி. குடலில் புளித்து வரும் காற்று அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பியதில் எங்கள் வைத்தியர்களுக்கும் பங்கு உண்டு.

ஒருநாள் காலை, சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். "ராத்திரி பலாச்சுளை சாப்பிட்டாருங்க. வாயு நெஞ்சுல நிக்குது. ரெண்டு தடவை கஷாயம் குடுத்துட்டேன், கேக்கல." சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. உப்புசமே இல்லை. மருந்து எதுவும் தராமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு ராத்திரி முழுக்க வீணாகியிருந்தது.

நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, இடது கை அல்லது தாடையில் வலி, மூச்சுத் திணறல் இருந்தால் கஷாயம் போட அடுப்படிக்குப் போகாதீர்கள். உடனே 108க்கு போன் செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் களைப்புமாகக்கூட வரலாம்.