52 வாரக் கணக்கு

தோழிகளே, கோயம்புத்தூர்ப் பொண்ணு மாயா ராஜேஸ்வரன் ரேவதியைத் தெரியுமா? 8 வயசில் டென்னிஸ் மட்டையைப் பிடிச்சவர். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த சர்வதேசப் பெண்கள் போட்டியில், 15 வயசில், தகுதிச் சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை போனார். பிறகு ஸ்பெயின் நாட்டில், ரஃபேல் நடால் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார்.

டென்னிசில் தரவரிசை எப்படின்னு பார்ப்போம். ஜெயிச்சு முன்னேற முன்னேறப் புள்ளி கூடும். நம்ம குழுச் சேமிப்பு பேரேட்டில் ஏறினால் ஏறினதுதான். போன வருஷம் போட்டது அப்படியே நிற்கும். டென்னிஸ் புள்ளி அப்படியில்லை. 52 வாரம் முடிஞ்சதும் கழிஞ்சிடும், மறுபடி ஆடித்தான் சேர்க்கணும். அதுக்குத்தான் நாடு நாடாப் பயணம், அத்தனை செலவு.

அதுக்காகச் சின்னப் பிள்ளையை வாராவாரம் ஆட விடலாமா? முடியாது. 18 வயசு வரை வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் என்று பெண்கள் டென்னிஸ் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. இளம் வயசிலேயே உடம்பும் மனசும் சோர்ந்துபோன வீராங்கனைகளைப் பார்த்தபிறகு, 1990களில் இறுக்கிய விதி இது.

நம்ம ராதாபுரம் பக்கம் கதை வேற. வயசுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்திடுற வீடு இன்னும் இருக்கு. அடுத்த கூட்டத்தில் பேசுங்க: உங்க தெருவில் அப்படி நின்னுபோன பிள்ளைகள் எத்தனை பேர்?