நிலை உரிமமா, சந்தா உரிமமா? காரியாலயத்திற்குப் பி.டி.எப். மென்பொருள் வாங்குவது பற்றி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998 ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னர் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்ததை நம் அங்கத்தினர்கள் யாவரும் கண்கூடாகக் கண்டிருக்கின்றனர். இவ்வட்டாரத்தில் உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையும் இன்று பி.டி.எப். கோப்பு இன்றி ஒரு நாளும் வேலை செய்ய இயலாது. பெரிய ஆலையிலிருந்து வரைபடம் அவ்வடிவிலேயே வருகிறது; கொள்முதல் உத்தரவும் அப்படியே; பட்டறை திருப்பி அனுப்பும் பரிசோதனை அறிக்கையும் அப்படியே. இப்பழக்கம் ஆலைகளோடு நிற்கவில்லை. பட்டா நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, ஜி.எஸ்.டி. பில், தணிக்கை அறிக்கை ஆகிய யாவும் நெசவாளர் சங்கத்திற்கும் விவசாயிகள் சங்கத்திற்கும் இதே உருவில்தான் வந்து சேருகின்றன.

ஆகவே, "இக்கோப்புகளைத் திருத்தவும், சேர்க்கவும், பிரிக்கவும் ஒரு மென்பொருள் வேண்டும்" என்னும் கோரிக்கை நிர்வாகக் கமிட்டியின் முன் வருகிறது. விற்பனையாளர் இரண்டு விலைகளைக் காட்டுகிறார். ஒன்று, ஒரே தடவை பணம் செலுத்திப் பெறும் நிலை உரிமம். மற்றொன்று, மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ பணம் செலுத்தி வரும் சந்தா உரிமம். சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் பணமாதலால், இவற்றின் தன்மையை அறிந்து கொள்வது காரியதரிசிக்கு மட்டுமன்றி நம் எல்லோருக்கும் அவசியமாகும்.

முதற்கண் ஓர் அச்சத்தைப் போக்கிக் கொள்வோம். மென்பொருளுக்கு இனிப் பணம் கட்டாவிடில் நம் பழைய கோப்புகள் யாவும் பயனற்றுப் போகும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பி.டி.எப். என்பதை அமெரிக்காவின் அடோபி கம்பெனி 1993 ஆம் ஆண்டில் வெளியிட்டது உண்மையே. ஆயினும் 2008 ஆம் ஆண்டில் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் சர்வதேசத் தர அளவாக ஏற்கப்பட்டது. இன்று அதைப் படிக்கவும் எழுதவும் வல்ல கருவியை எந்தக் கம்பெனியும் செய்யலாம். தறியை வாடகைக்கு எடுத்து நெய்தாலும், நூல் கொடுத்து நெய்வித்தவனுடையதே சேலை. மென்பொருள் தறி, கோப்பு சேலை. தறிக்காரர் தறியைக் கொண்டு போய்விட்டாலும் சேலை நம் பெட்டியில் இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: சேலையைத் தறிக்காரர் வீட்டிலேயே வைத்திருந்தால் வேறு கதை. சில சந்தா மென்பொருள்கள் கோப்புகளைக் கம்பெனியின் இணையச் சேமிப்பகத்திலேயே வைக்கத் தூண்டுகின்றன. அதற்கு இடங்கொடாமல், ஒரு பிரதியைச் சங்கக் கணிப்பொறியிலும் மற்றொன்றைத் தனி வட்டிலும் வைத்தல் வேண்டும்.

நிலை உரிமம் என்றால் மென்பொருள் நமக்குச் சொந்தம் என்று பொருளாகாது. கடையில் ஆயத்தமாக விற்கப்படும் மென்பொருள் விற்பனை வரிக்குரிய சரக்கே என்று சுப்ரீம் கோர்ட் 2004 ஆம் ஆண்டில் டாட்டா கன்சல்டன்சி வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும், வாங்குபவர் பெறுவது ஒரு பிரதியை உபயோகிக்கும் உரிமையே, காப்புரிமை அவருக்குக் கைமாறுவதில்லை என்பதை அதே கோர்ட்டின் 2021 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று தெளிவாக்கிற்று. டேலி கணக்கு மென்பொருளை உபயோகிக்கும் சங்கங்கள் இதை அனுபவத்தில் அறியும். நிலை உரிமம் பெற்ற டேலி நாம் பணம் கட்டாவிட்டாலும் ஓடிக் கொண்டிருக்கும். ஆனால் ஆண்டுச் சேவைக் கட்டணத்தைப் புதுப்பிக்காவிடில் புதிய பதிப்பும் இணைய வழிச் சேவைகளும் கிடையா.

இனி, நிலை உரிமம் எவ்வளவு காலம் நிலையானது என்பதைக் காண்போம். விஷயத்தின் உயிர்நாடி இதுதான். அடோபி கம்பெனியின் அக்ரோபாட் 2017 பதிப்பிற்கு ஆதரவு 2022 இல் முடிந்தது. 2020 பதிப்பிற்கு 2025 இல் முடிந்தது. அதாவது ஏறக்குறைய ஐந்தாண்டு ஆயுள். அதற்கடுத்து வந்த 2024 பதிப்பையோ அக்கம்பெனி நிலை உரிமமாகவே விற்கவில்லை. மூன்றாண்டுத் தவணை உரிமமாக விற்கிறது. ஆதரவு முடிந்தால் மென்பொருள் உடனே நின்று விடாது. ஆனால் அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பி.டி.எப். கோப்போ வெளியார் மின்னஞ்சலில் வருவது. முன்பின் அறியாதவர் அனுப்பிய கோப்பை ஓட்டையுள்ள மென்பொருளில் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாக் கதவை இரவில் சாத்தி வைப்பதற்கு ஒப்பாகும். கணிப்பொறியின் ஆயுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு முடிந்தது. அதன் காரணமாகப் புதுக் கணிப்பொறி வாங்குவோர், பழைய உரிமத்தை அதற்கு மாற்றிக் கொள்ள முடியுமா என்பதைத் தனியே விசாரித்தறிய வேண்டும்.

சந்தாவின் அபாயம் வேறு வகையைச் சேர்ந்தது. 2025 ஜூலை மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் குஜராத்தில் வாடினாரில் உள்ள நயாரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்திற்கு அளித்து வந்த மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தி விட்டது. கட்டணம் செலுத்தப்பட்ட சேவைகளே அவை. நயாரா டில்லி ஹைகோர்ட்டை நாடிய பின்னர்ச் சேவைகள் மீண்டும் அளிக்கப்பட்டன. நம் சங்கத்தின் மீது ஐரோப்பா தடை விதிக்கப் போவதில்லை! ஆயினும், வாடகைக் கருவியின் பொத்தான் பிறர் கையில் உள்ளது என்பதற்கு இது போதிய சான்று. நமக்கு நேரக் கூடியது இதைவிட எளிய விபத்தே. மானேஜர் தம் சொந்த மின்னஞ்சல் முகவரியிலும் சொந்த அட்டையிலும் சந்தாவைத் தொடங்குகிறார், மாற்றலாகிச் செல்கிறார், புதியவருக்குக் கடவுச் சொல் தெரியாது. தணிக்கை வரும் வாரத்தில் மென்பொருள் திறக்க மறுக்கிறது. ஆகையால் சந்தா சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் முகவரியிலும்தான் இருத்தல் வேண்டும்.

மாதச் சந்தா என்று பெயரிட்டு ஆண்டு ஒப்பந்தத்தை உள்ளே வைத்திருப்பதும் உண்டு. இடையில் நிறுத்தினால் எஞ்சிய மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டணமாக வசூலிப்பதைத் தெளிவாக அறிவிக்கவில்லை என்று, அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி கம்பெனியின் மீது வழக்குத் தொடர்ந்தது. விலைப் பட்டியலைப் படிப்பதோடு, நிறுத்தும் நிபந்தனையையும் படித்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

கணக்கிற்கு வருவோம். பின்வரும் விலைகள் விளக்கத்திற்காக நாமே வைத்துக் கொண்டவை. நிலை உரிமம் வரி உட்பட ரூ. 18,000, ஆண்டுச் சந்தா வரி உட்பட ரூ. 7,000 என்போம். 18,000 ஐ 7,000 ஆல் வகுத்தால் சுமார் இரண்டு ஆண்டு ஏழு மாதம். அதற்கு மேல் உபயோகித்தால் நிலை உரிமம் இலாபம். ஐந்தாண்டில் சந்தா ரூ. 35,000 ஆகும். நிலை உரிமத்தில் முடங்கிய ரூ. 18,000 க்கு 8 சதவீதத் தனிவட்டி ஐந்தாண்டிற்கு ரூ. 7,200, ஆக ரூ. 25,200. இவ்வாறு கணக்கிட்டும் ரூ. 9,800 மிச்சமே.

ஆனால் இதே உரிமத்தை அதன் ஆதரவு முடிய இரண்டே ஆண்டுகள் இருக்கும் போது வாங்கினால்? ஆண்டொன்றிற்கு ரூ. 9,000 அடக்கம். சந்தாவே மலிவு. எனவே, "விலை என்ன?" என்று கேட்பதற்கு முன்னர், "இப்பதிப்பிற்கு ஆதரவு எந்தத் தேதி வரை?" என்று கேட்க வேண்டும். விதை வாங்கும் விவசாயி மூட்டையின் மீதுள்ள காலக்கெடுத் தேதியைப் பாராமல் வாங்குவதில்லை அல்லவா?

இக்கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்றுண்டு. அதைப் பலர் போடுவதே இல்லை. எட்டு கணிப்பொறிகள் உள்ள காரியாலயத்தில் எட்டுக்கும் சந்தா செலுத்தினால் ஆண்டிற்கு ரூ. 56,000. உண்மையில் கோப்பைத் திருத்தும் வேலை நடைபெறுவது இரண்டு மேஜைகளில் மட்டுமே என்றால் ரூ. 14,000 போதும். எஞ்சிய ரூ. 42,000, எவ்வகை உரிமம் என்னும் விவாதத்தால் மிஞ்சக் கூடிய தொகையைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். மற்ற ஆறு மேஜைகளில் கோப்பைப் படிப்பதும் அச்சிடுவதுமே வேலை. அதற்கு இலவச வாசிப்பு மென்பொருள் போதும். கடிதத்தைப் பி.டி.எப். ஆக மாற்றும் வசதி விண்டோஸிலேயே உண்டு. இலவசமான லிப்ரே ஆபீஸிலும் உண்டு. டிஜிட்டல் கையொப்பச் சாவியைக் கொண்டு ஒப்பமிடுவதை அடோபி ரீடரின் இலவசப் பதிப்பிலேயே செய்யலாம். இலவச மென்பொருளால் காரியாலயம் நடவாது என்பார்க்கு ஒரு செய்தி: தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தன் காரியாலயத்தை லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியது.

செலவைக் குறைக்கத் திருட்டுப் பிரதியை ஏற்றிக் கொள்ளும் வழக்கம் நம் வட்டாரத்தில் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1957 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, அறிந்தே அத்தகைய பிரதியை உபயோகிப்போருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறைவாசமும், ரூ. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார நோக்கமின்றி உபயோகித்தால் கோர்ட் இதைத் தளர்த்தலாம். ஆயினும் சங்கக் காரியாலயம் அச்சலுகையை நம்பி இருத்தல் தகாது.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருங்குறி வருமுன் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தீர்மானங்களும் அங்கத்தினர் பட்டியல்களும் பல சங்கங்களில் உள்ளன. அவற்றைப் பி.டி.எப். ஆக்கிய போது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது, நகலெடுத்தால் பொருளற்ற குறிகளாக விழும். எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் இதைத் தானே சீராக்கிவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. ஸ்கேன் செய்த பழைய பதிவேட்டைத் தேடத் தக்கதாக்க எழுத்துணரி தேவை. டெசராக்ட் என்னும் இலவச எழுத்துணரி தமிழையும் படிக்கும்; கையெழுத்தில் எழுதிய பேரேட்டில் அதன் உதவி மிகக் குறைவு. இத்தகைய பழம்பதிவேட்டு வேலை இரண்டு மூன்று மாதத்தில் முடிவதாயின், அதற்கென மாதந்தோறும் நிறுத்தக் கூடிய சந்தா எடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்தி விடுவதே சிக்கனம். உழவு இயந்திரத்தை நடவுக்கு வாடகை பேசுவது போன்றதே இது.

அன்றாடம் திருத்த வேலை உள்ள மேஜைக்கு, நான்கு ஆண்டிற்குக் குறையாத ஆதரவு எஞ்சியிருந்தால், நிலை உரிமமே நல்லதென்பது நமது கருத்து. அடோபி தவிர்த்த வேறு சில கம்பெனிகள் அதை விற்கவே செய்கின்றன. கணக்கு எழுதும் முறையும் வேறுபடும்: நிலை உரிமத்தைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றித் தேய்மானம் கழிக்க வேண்டும்; சந்தா அந்தந்த ஆண்டின் செலவு. ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். பதிவு பெறாத சங்கத்திற்கு அவ்வரி திரும்பக் கிடைக்காது.

கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் ஆதரவு முடியும் தேதி, புதுக் கணிப்பொறிக்கு மாற்றும் உரிமை, சந்தா நிறுத்தும் நிபந்தனை ஆகிய மூன்றையும் எழுத்து மூலம் கோருக. சோதனைப் பிரதியை இரு வாரம் பெற்று, சங்கத்தின் சொந்தத் தமிழ்க் கோப்புகள் பத்தினை அதில் திறந்தும், தேடியும், திருத்தியும், அச்சிட்டும் பார்த்த பின்னரே பட்டியலைக் கமிட்டியின் முன் வைக்கலாம்.