கிராஸ்ஹாப்பரை வெளித்தரவோடும் சென்சாரோடும் இணைப்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

கிராஸ்ஹாப்பரில் கொஞ்சம் பழகிய எவருக்கும் ஸ்லைடரை இழுத்து வடிவத்தை மாற்றத் தெரியும். ஆனால் அந்த ஸ்லைடர் எண்ணைத் தீர்மானிப்பது நம் கை மட்டும்தான். அதே இடத்தில் ஒரு நகரத்தின் வெயில் கணக்கோ, ஜன்னலோரம் வைத்த ஒளி சென்சாரோ எண்ணைக் கொடுத்தால், வடிவம் காரணத்தோடு மாறத் தொடங்கும்.

கட்டடங்கள் ஏற்கெனவே இதைச் செய்துகொண்டிருக்கின்றன. 1987-இல் பாரிஸில் திறக்கப்பட்ட அரபு உலக நிறுவனத்தின் தெற்கு முகப்பில், ஒளியின் அளவைப் பொறுத்துத் திறந்து மூடும் உலோகத் திரைகளை ழான் நுவெல் குழுவினர் அமைத்தார்கள். 2012-இல் முடிந்த அபுதாபியின் அல் பஹர் கோபுரங்களில் சூரியனின் நகர்வுக்கேற்ப மடிந்து விரியும் நிழல் திரைகள் உள்ளன. அவற்றின் சிறிய வடிவத்தை உங்கள் மேசையிலேயே செய்து பார்க்க இந்த வழிகாட்டி உதவும்.

ஒரே ஒரு விதியை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாடல் முதலில் ஸ்லைடரில் பிழையில்லாமல் ஓட வேண்டும். அதன் பிறகு ஸ்லைடரை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தரவை மாட்ட வேண்டும். இந்த வரிசையில் போனால், பிழை வரும்போது அது மாடலிலா, தரவிலா என்று உடனே பிரித்தறியலாம்.

## என்னென்ன வேண்டும்?

- ரைனோ மென்பொருள். 90 நாள் முழுச் சோதனைப் பதிப்பு கிடைக்கிறது. டேவிட் ரட்டன் உருவாக்கிய கிராஸ்ஹாப்பர், 2018-இல் வந்த ரைனோ 6 முதல் ரைனோவுடனேயே சேர்ந்து வருகிறது.
- லேடிபக். வானிலைத் தரவைப் படிக்கும் இலவசச் செருகுநிரல்.
- ஃபயர்ஃப்ளை. ஆண்ட்ரூ பெயினும் ஜேசன் கெல்லி ஜான்சனும் உருவாக்கிய செருகுநிரல். ஆர்டுயினோவோடு பேசும் வேலை இதனுடையது. இந்த வழிகாட்டி விண்டோஸ் கணினியை வைத்தே எழுதப்பட்டது.
- ஆர்டுயினோ யூனோ பலகை, யூஎஸ்பி கேபிள், பிரெட்போர்டு, சில ஜம்பர் கம்பிகள்.
- ஒளியுணர் மின்தடை என்ற எல்டிஆர் ஒன்று, 10 கிலோஓம் மின்தடை ஒன்று, சிறிய சர்வோ மோட்டார் ஒன்று.

## படி 1: ஸ்லைடரில் ஓடும் மாடல்

24 செங்குத்துத் தகடுகள் கொண்ட முகப்பு ஒன்றை வரைவோம். ஒரு நேர்க்கோட்டை எடுத்து டிவைட் கர்வ் கொடுங்கள். எண்ணிக்கை 23. முனைகள் திறந்த கோட்டை 23 பாகமாகப் பிரித்தால்தான் 24 புள்ளிகள் கிடைக்கும். இங்கே 24 என்று கொடுத்துவிட்டு ஒரு தகடு கூடுதலாக நிற்பதைப் பார்த்துக் குழம்புவது பலருக்கும் நடக்கும்.

ஒவ்வொரு புள்ளியிலும் ஒய்இசட் பிளேன் வைத்து, அதில் ரெக்டாங்கிள் வரையுங்கள். ரொட்டேட் மூலம் அதே புள்ளியைச் சுற்றித் திருப்புங்கள். ரொட்டேட்டின் கோண உள்ளீடு இயல்பாக ரேடியனில் இருக்கும். அதன் மேல் வலது கிளிக் செய்து டிகிரியாக மாற்றிவிடுங்கள். சர்வோ மோட்டாருக்கும் டிகிரியில்தான் எண் போகப்போகிறது என்பதால், இரண்டும் ஒரே அலகில் இருப்பது நல்லது.

0 முதல் 90 வரை ஒரு ஸ்லைடரை மாட்டி இழுத்துப் பாருங்கள். எல்லாத் தகடுகளும் ஒன்றாகத் திரும்பினால் அடித்தளம் தயார்.

## படி 2: சிஎஸ்வி கோப்பிலிருந்து எண்கள்

ஒரு நாளின் 24 மணி நேர வெப்பநிலையை எக்செல்லில் இரண்டு நிரலாக அடித்து, சிஎஸ்வியாகச் சேமியுங்கள். முதல் வரியில் தலைப்பு இருக்கட்டும். முதல் நிரல் நேரம், இரண்டாவது வெப்பநிலை. அடுத்து:

1. ஃபைல் பாத் மூலம் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ரீட் ஃபைலில் மாட்டுங்கள். வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.
2. முதல் வரி தலைப்பு என்பதால் கல் இண்டெக்ஸ் போட்டு 0-வது வரியை நீக்குங்கள்.
3. டெக்ஸ்ட் ஸ்பிளிட்டில் காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொடுங்கள்.
4. லிஸ்ட் ஐட்டத்தில் 1 கொடுத்து வெப்பநிலையை எடுங்கள். எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குவதால் இரண்டாவது நிரலுக்கு 1.
5. வெளியீட்டை ஃபிளாட்டன் செய்யுங்கள்.

ஐந்தாவது படியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? டெக்ஸ்ட் ஸ்பிளிட் ஒவ்வொரு வரிக்கும் தனிக்கிளை உண்டாக்கும். 24 கிளைகளும் 24 தகடுகளும் சேர்ந்து 576 தகடுகளாகப் பெருகி, ஒன்றன்மேல் ஒன்று குவியும். திரையில் முகப்பு காட்டுச்செடிபோல் சிலிர்த்து நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

## படி 3: எண்ணை மொழிபெயர்க்கும் ரீமேப்

வெப்பநிலை 31 என்றால் தகடு எத்தனை டிகிரி திரும்ப வேண்டும்? இதற்கு விடை சொல்வது ரீமேப் நம்பர்ஸ். மூல வரம்பு 20 முதல் 45, இலக்கு வரம்பு 0 முதல் 90 என்று கொடுங்கள். 20 டிகிரி வெப்பத்தில் தகடு 0-வில் நிற்கும், 45-இல் முழுதாகத் திரும்பும்.

மூல வரம்பைக் கையால் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பவுண்ட்ஸ் கருவியை மாட்டினால் அது அந்தக் கோப்பின் மிகச்சிறிய, மிகப்பெரிய எண்களைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்படியானால் குளிரான மார்கழி நாளும் கொதிக்கும் மே நாளும் திரையில் ஒரே அளவுக்குத் திரும்பி நிற்கும். இரண்டு நாள்களையும் ஒப்பிடவே முடியாது. வரம்பைத் தீர்மானிப்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு.

ரீமேப்பில் இரண்டு வெளியீடுகள் உண்டு. அதில் கிளிப்டு என்பதைப் பயன்படுத்துங்கள். எண் வரம்பைத் தாண்டினாலும் கோணம் 90-ஐத் தாண்டாது. மோட்டார் இணைக்கும்போது இதுவே பாதுகாப்பு.

## படி 4: லேடிபக்கில் நகரத்தின் வானிலை

லேடிபக் டூல்ஸின் ஈபிடபிள்யூ மேப்பில் உங்கள் நகரத்தைத் தேடுங்கள். ஈபிடபிள்யூ கோப்பில் ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு எல்லாம் மணிவாரியாக இருக்கும். இம்போர்ட் ஈபிடபிள்யூ கருவியில் அதை மாட்டினால், ஒவ்வொன்றும் தனித்தனி வெளியீடாக வந்துவிடும்.

பயன்படுத்துவதற்கு முன் தரவைச் சோதித்துப் பாருங்கள். சென்னைக் கோப்பை எடுத்தால், சன்பாத் கருவியில் ஜூன் 21 நண்பகல் 12 மணியைக் கேளுங்கள். சூரியன் சுமார் 80 டிகிரி உயரத்தில், வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், கோடை நடுவில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. டிசம்பர் 21-இல் அதே சூரியன் தெற்கே, 53 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். இந்த விடை வரவில்லை என்றால் வடதிசையையோ, கோப்பையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். மாடலின் தெற்கு முகப்புக்கு மட்டும் நிழல் போட்டால் போதும் என்ற வெளிநாட்டுப் பாடநூல் பழக்கம் இங்கே ஏன் முழுதாகப் பொருந்தாது என்பதையும் இந்த ஒரு சோதனை காட்டிவிடும்.

## படி 5: ஆர்டுயினோவில் ஒளி சென்சார்

எல்டிஆரின் ஒரு காலை 5 வோல்ட்டிலும், மறுகாலை ஏ0 பின்னிலும் செருகுங்கள். அதே ஏ0-விலிருந்து 10 கிலோஓம் மின்தடையைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள். வெளிச்சம் கூடினால் எல்டிஆரின் தடை குறையும், ஏ0-வில் மின்னழுத்தம் ஏறும். யூனோ அந்த 0 முதல் 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றித் தரும்.

ஃபயர்ஃப்ளையோடு வரும் ஃபர்மாட்டா நிரலை ஆர்டுயினோ ஐடிஇயில் திறந்து, பலகையையும் போர்ட்டையும் தேர்ந்தெடுத்து அப்லோடு செய்யுங்கள். பிறகு கிராஸ்ஹாப்பரில்:

1. போர்ட்ஸ் அவைலபிள் மூலம் பலகை எந்த காம் போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.
2. ஓப்பன் போர்ட்டில் அந்த எண்ணைக் கொடுத்து, பூலியன் டாகிளை ட்ரூ ஆக்குங்கள்.
3. யூனோ ரீட் வைத்து, அதனோடு டைமரை இணைத்து 100 மில்லிசெகண்டு கொடுங்கள். புதிய பதிப்புகளில் டைமரின் பெயர் ட்ரிகர்.
4. ஏ0 வெளியீட்டில் ஒரு பேனலை மாட்டுங்கள்.

இப்போது எல்டிஆர் மேல் கையை வையுங்கள். பேனலில் எண் சட்டென்று இறங்கும். கையை எடுத்தால் ஏறும். உங்கள் அறையில் மிகக் குறைந்த எண் எது, மிக அதிகமான எண் எது என்று குறித்துக்கொண்டு, அந்த இரண்டையும் ரீமேப்பின் மூல வரம்பாகக் கொடுங்கள். பிறகு தகடுகளின் கோணத்தில் மாட்டுங்கள். உங்கள் கை நிழல் பட்டதும் திரையில் முகப்பு அசையும்.

## படி 6: நடுக்கத்தை அடக்குதல்

கையை அசைக்காதபோதும் எண் கொஞ்சம் மேலும் கீழும் ஆடுவதைக் கவனிப்பீர்கள். சென்சாருக்கு இது இயல்பு. டேட்டா ரெக்கார்டரில் கடைசி 10 எண்களை மட்டும் வைத்திருக்கும்படி வரம்பு கொடுத்து, அதை ஆவரேஜில் மாட்டுங்கள். நடுக்கம் அடங்கும். எண்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இன்னும் அமைதியாகும், ஆனால் மாடல் தாமதமாக எதிர்வினை காட்டும். நிழல் திரைக்குத் தாமதம் பரவாயில்லை. கை அசைவுக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய காட்சிப்பொருளுக்கு அது ஒத்துவராது.

## படி 7: மாடலிலிருந்து மோட்டாருக்கு

இனி எதிர்த்திசை. யூனோ ரைட்டில் 9-வது பின்னை வலது கிளிக் செய்து சர்வோ என்று மாற்றுங்கள். தகட்டின் கோணத்தை அதில் மாட்டினால், மேசையில் இருக்கும் மோட்டாரும் அதே கோணத்துக்குத் திரும்பும். அதன் கையில் ஓர் அட்டைத் தகட்டை ஒட்டிவிட்டால், திரையில் இருப்பதும் மேசையில் இருப்பதும் சேர்ந்தே அசையும்.

ஒரு சிறிய சர்வோவைப் பலகையிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் தனி 5 வோல்ட் மின்னிணைப்பு கொடுங்கள். இரண்டு மின்னிணைப்புகளின் கிரவுண்டையும் கட்டாயம் ஒன்றாக இணையுங்கள். இல்லையென்றால் மோட்டார் கண்டபடி உதறும்.

## அடிக்கடி வரும் சிக்கல்கள்

போர்ட் திறக்கவில்லை: ஆர்டுயினோ ஐடிஇயின் சீரியல் மானிட்டர் திறந்திருக்கும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பயன்படுத்த முடியும். அதை மூடுங்கள்.

ரைனோ 8-இல் பழைய செருகுநிரல் ஏறவில்லை: செட்டாட்நெட்ரன்டைம் கட்டளையைத் தட்டி, டாட்நெட் ஃப்ரேம்வொர்க்குக்கு மாற்றி ரைனோவை மறுபடி திறந்து பாருங்கள்.

மாடல் உறைந்து நிற்கிறது: டைமர் இடைவெளியைக் கூட்டுங்கள். கனமான கணக்குகளுக்கு முன் டேட்டா டேம் வைத்தால், அது தரவைத் தேக்கி, நீங்கள் சொன்ன இடைவெளியில் மட்டும் விடும்.

இஎஸ்பி32 பலகைக்கு மாறும்போது: அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் கொடுத்தால் பழுதாகும்.

## அடுத்து என்ன?

வைஃபை வழியே யூடிபியில் எண் அனுப்புவது, பல சென்சார்களை ஒன்றாகப் படிப்பது எல்லாம் இதே பாதையின் நீட்சிதான். எந்தத் தரவை மாட்டினாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள்: அதன் அலகு என்ன, அதன் வரம்பு என்ன, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அது மாறுகிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்கு மழைமானியும் மண் ஈரப்பத சென்சாரும் ஒரே மாதிரிதான். நீங்கள் வாழும் கட்டடத்தின் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் அங்கே விழும் வெளிச்சத்தைச் சிஎஸ்வியில் பதிவு செய்து, அதற்கேற்ற நிழல் தகட்டை வடிவமையுங்கள். அந்தத் தகடு ஏன் அந்தக் கோணத்தில் நிற்கிறது என்று யார் கேட்டாலும், உங்களிடம் எண்ணோடு பதில் இருக்கும்.