மனச்சோர்வும் மாரடைப்பும்: எது வேர்?



"அப்பனுக்கு நெஞ்சுவலி, மகனுக்கும் வரத்தானே செய்யும்? அந்தக் கவலையிலேயே ஆள் வாடிப் போயிட்டான்." தோட்டத்தில் இப்படிப் பேசக் கேட்டிருப்பீர்கள். மனச்சோர்வும் இருதய நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது உண்மைதான். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த 'இண்டர்ஹார்ட்' ஆய்வும், மாரடைப்புக்கான காரணங்களில் மன அழுத்தத்தைச் சேர்த்தது.

ஆனால் எதனால் எது வருகிறது? மனம் நொந்தவர் சரியாகத் தூங்குவதில்லை. சிகரெட், சம்சு என்று போகிறார். இருதயத்தைக் கெடுத்தது கவலையா, சம்சுவா? பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இங்கேதான் மரபணு உதவுகிறது. செம்பனைக் கன்றைப் பாருங்கள். அது பின்னால் காய்க்கும் பழத்தின் கொட்டை ஓடு தடிப்பா, மெல்லிசா என்பது நடும் முன்பே முடிவாகிவிட்டது. எவ்வளவு உரம் போட்டாலும் மாறாது. மனிதனுக்கும் தாய், தகப்பனிடமிருந்து பாதிப் பாதியாக வரும் மரபணு கருவிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு வரும் கவலையோ குடியோ அதை மாற்றி எழுதாது. ஆகவே மரபணுவை வைத்துப் பார்த்தால், எது காரணம் என்று ஓரளவு பிரித்தறியலாம்.

பிரிட்டனில் 367,000-க்கும் மேற்பட்ட நடுத்தர வயதினரின் விவரங்களை இப்படி ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். குடும்பத்தில் இருதய நோய் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 20 விழுக்காடு அதிகம். ஆனால் இருதய நோய்க்கான மரபணுக்கள் கூடுதலாக இருந்ததால் மட்டும் மனச்சோர்வு கூடவில்லை. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும், உடம்பின் அழற்சியைக் காட்டும் இரண்டு புரதங்களும் மனச்சோர்வுக்குக் காரணமாகலாம் என்று தெரிந்தது. இவை இருதய நோயோடும் சம்பந்தப்பட்டவை.

அந்த ஆய்வில் பார்க்கப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் நாட்டில் 'மலேசியன் கோஹார்ட்' திட்டத்தில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். நம் மக்களின் விவரமும் இப்படிச் சேர்ந்தால்தான் நமக்குப் பொருந்தும் பதில் கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

1. கிளினிக்கில் ரத்த அழுத்தம், இனிப்புநீர் பார்க்கும்போது ரத்தக் கொழுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.
2. சீனியும் குடியும் டிரைகிளிசரைடைக் கூட்டும். குறையுங்கள். சிகரெட்டை விடுங்கள்.
3. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இது வெட்கப்படும் காரியமல்ல.
4. நெஞ்சில் அழுத்தம், வேர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 'காத்து பிடிச்சிருக்கு' என்று தைலம் தேய்த்து நேரம் கடத்தாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

அப்பனுக்கு வந்தது மகனுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. விதி என்று உட்கார்ந்துவிடாமல் இந்த மாதமே போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.